மேடம் கொடுத்த கினிப் பன்றிகள்

கூண்டுக்குள் இருந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தும்மின. சவரிமுத்து கூண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரீத்தா! சீக்கிரம் வா. தும்முதுங்க!"

"தும்முனா தும்மட்டும்" என்றாள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து. "நீங்ககூடத்தான் காலைல இருந்து தும்மிக்கினு இருக்கீங்க. யாரு ஓடியாந்தாங்க?"

"நான் தும்முனா எனக்குச் சளி. அதுங்க தும்முனா எனக்கு மலை!"

மலை என்றால் கல்வராயன் மலை. சவரிமுத்து கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். மேலே வெள்ளிமலையில் இருக்கும் கிளையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. கீழே இருக்கும் மூன்று உதவியாளர்களில் ஒருவருடைய பெயரை மாதக் கடைசிக்குள் கலையரசி மேடம் எழுதி அனுப்பவேண்டும்.

மற்ற இருவருக்கும் மலை என்றால் தேன், பலாப்பழம், குளிர்காற்று. சவரிமுத்துவுக்கு மலை என்றால் வளைவு. கச்சிராயபாளையத்தைத் தாண்டி பஸ் மேலே ஏறினால் மூன்றாவது வளைவுக்குள் அவருடைய காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும். ஒருமுறை மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மொய்க் கவரை நீட்டுவதற்கு முன்பே பெண்ணின் அப்பாவுடைய பட்டு வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டார். இனி தினமும் போய் வரவேண்டும் என்றால் உடம்பில் எலும்புதான் மிஞ்சும்.

இந்தச் சமயத்தில்தான் மேடம் பத்து நாள் விடுப்பில் கிளம்பினார். கிளம்பும் முன் சவரிமுத்துவைத் தனியே அழைத்து இந்தக் கூண்டைக் கொடுத்தார். உள்ளே முயலும் இல்லாமல் எலியும் இல்லாமல் இரண்டு உருப்படிகள், ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு.

"கினி பிக். என் பொண்ணு வாங்கினது. அவ இப்ப சென்னையில ஹாஸ்டல்ல இருக்கா. நான் வர்ற வரைக்கும் உங்க வீட்ல இருக்கட்டும்."

"படுக்கறதுக்கு அடியில இன்னா போடணுங்க மேடம்?"

"எதையாவது போடுங்க சவரிமுத்து. ரொம்ப மெனக்கெட வேணாம்."

இருபத்திரண்டு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவருக்கு, மேலதிகாரி சொல்லும் 'எதையாவது' எதையாவது அல்ல என்று தெரியாதா? முன்பு இருந்த அதிகாரி ஒருவர் 'ஏதோ ஒரு டீ சொல்லுங்க' என்றார். அதை நம்பிச் சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்த ஊழியர், ஓய்வு பெறும்வரை பழைய ரெக்கார்டு அறையிலேயே இருந்தார். ஆகவே இது பரீட்சை. மூன்று பேரில் தன்னைக் கூப்பிட்டு மேடம் கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறார். பதிலைச் சரியாக எழுதிவிட்டால் வளைவுகளிலிருந்து விடுதலை.

முதல் பதில் மரத்தூள். பர்னிச்சர் கடை அக்பர் அலி பாயிடம் ஒரு சாக்கு வாங்கி வந்து, கூண்டுக்குள் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினார். அதன் பலன்தான் இந்தத் தும்மல்.

சவரிமுத்து கடைக்கு ஓடினார்.

"பாய், உங்க தூளு ஒத்துக்கலைங்க. மூக்குல ஏறுது."

"ரம்பத்தூள் இல்லியா சார், பொடி ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்றார் அக்பர் அலி, கட்டில் காலுக்கு பாலிஷ் போட்டபடி. "உமி போட்டுப் பாருங்க. கொஞ்சம் கனமா இருக்கும். மூக்குக்குப் போவாது."

ரைஸ் மில்லிலிருந்து உமி வந்தது. மூக்குக்கு ஏறவில்லை என்பது உண்மைதான். ஆனால் வெயிலுக்கு மின்விசிறியை ஐந்தில் வைத்ததும் கூண்டிலிருந்து கிளம்பி, கூடம் முழுக்கச் சுற்றி, படுக்கையறையைப் பார்த்துவிட்டுக் கடைசியில் கருவாட்டுக் குழம்பில் போய் இறங்கியது. ரீத்தா கரண்டியால் கலக்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? குழம்பா, மாட்டுத் தீவனமா?"

"ஃபேனை நிறுத்திடுறேன்."

"அப்ப நான் எங்க உக்கார்றது? கூண்டுக்குள்ளயா?"

மின்விசிறியை நிறுத்தினால் கினிப் பன்றிகளுக்கும் புழுங்கியது. இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு படுத்துவிட்டன. சவரிமுத்து முறத்தால் விசிறினார். மிச்சம் இருந்த உமியும் அவர் தலைக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் கச்சிராயபாளையத்து நண்பர் ஒருவரிடம் வைக்கோல் வாங்கி ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியிலேயே இரண்டு மாடுகள் கூடவே நடந்து வந்தன. வாசல் கேட்டில் தலையை வைத்துக்கொண்டு நின்றவை, அன்று முழுதும் நகரவில்லை. பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர்காரர் யாராலும் உள்ளே வர முடியவில்லை. மூன்றாம் நாள் வைக்கோல் நுனி குத்திப் பழுப்பு உருப்படியின் ஒரு கண் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேடத்திடமிருந்து போன் வந்தது.

"எப்படி இருக்கு சவரிமுத்து, அதுங்க?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம் தும்மல் இருந்துதுங்க மேடம். இப்ப ஒண்ணுக்கு கண்ணு செவந்து போயிருக்கு."

"அப்படியா?" மேடத்தின் குரல் சட்டென்று உயர்ந்தது. "ரொம்ப முடியலியா?"

"பயப்படாதீங்க மேடம்! டாக்டர்கிட்ட காட்டி சொட்டு மருந்து வுட்டுக்கினு இருக்கேன். நாளைக்கே சரியாயிடும்."

"ஓ... சரியாயிடுமா" என்றார் மேடம். போன் அணைந்தது.

"பாத்தியா ரீத்தா, பேச்சே வரல அவங்களுக்கு! பெத்த புள்ளை மாதிரி வெச்சிருக்காங்க. இதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அவ்ளோதான்."

அக்பர் அலி இந்த முறை துணியைச் சொன்னார். "மெத்துனு இருக்கணும் சார். கெட்டித் துண்டா போடுங்க."

வீட்டில் கெட்டித் துண்டு என்றால், விருந்தாளிகளுக்காக ரீத்தா பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த இரண்டு ரோஜா நிறத் துண்டுகள்தான். பங்குச் சாமியார் வந்தபோதுகூட அவள் அவற்றை வெளியே எடுக்கவில்லை. சவரிமுத்து எடுத்தார். அலசிக் காயவைத்துக் கூண்டில் விரித்தார். கினிப் பன்றிகள் ஒரு பொழுதில் அவற்றைக் கடித்துக் கொசுவலை ஆக்கின.

ரீத்தா பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

"உளுந்தூர்பேட்டைக்கு எங்க அக்கா வூட்டுக்குப் போறேன். அதுங்க போனப்புறம் ஒரு போன் போடுங்க."

"கோச்சிக்காத ரீத்தா. எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்..."

"கல்யாணம் ஆயி பத்தொம்போது வருசத்துல எனக்கு ஒரு நாளு படுக்கைய தட்டிப் போட்டிருக்கீங்களா நீங்க?"

அவள் போன பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து, நிஜமாகவே கொஞ்ச நேரம் அழுதார். கினிப் பன்றிகள் துண்டின் மிச்சத்தை மென்றபடி அவரைப் பார்த்தன.

திங்கட்கிழமை அலுவலகத்தில்தான் அவருக்கு வழி பிறந்தது. மேசைக்கு அடியில், அலமாரி உச்சியில், ஜன்னல் விளிம்பில் எங்கு பார்த்தாலும் காகிதம். காலம் கடந்த சுற்றறிக்கைகள், நடக்காத கூட்டங்களின் அழைப்புகள், தகவலுக்காக அனுப்பப்பட்டு யாருக்கும் தகவல் சொல்லாத நகல்கள். கழித்துக் கட்டச் சொல்லி மூன்று வருடத்துக்கு முன்பே உத்தரவு வந்த குப்பை. அந்த உத்தரவும் குப்பையில்தான் கிடந்தது.

ஒரு மூட்டை கட்டி எடுத்துப்போய் விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்தார். இத்தனை வருட வேலையில் அவர் ஒரே மூச்சில் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான். கூண்டில் பரப்பினார். பொடி இல்லை, பறக்கவில்லை, குத்தவில்லை. ஈரத்தை நன்றாக உறிஞ்சியது. இரண்டும் அதற்குள் புகுந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டிச் சுகமாகத் தூங்கின. அரசாங்கக் காகிதத்தால் ஓர் உயிருக்கு நன்மை விளைவதை அவர் முதன்முதலாகக் கண்ணால் கண்டார்.

தும்மல் நின்றது. கண் தெளிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் காகிதத்தை மாற்றப் போனவர், கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டார். வெள்ளை உருப்படியின் பக்கத்தில் மூன்று குட்டிகள். பிறந்தவுடனேயே முடியோடும் திறந்த கண்ணோடும் ஓடித் திரிந்தன.

உடனே ரீத்தாவுக்குப் போன் போட்டார். "அஞ்சு ஆயிடுச்சு ரீத்தா! இனிமே மலையாவது மண்ணாவது!"

பதினோராம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, மேடம் வீட்டுக்குக் கூண்டைத் தூக்கிப் போனார். டிரைவர் சின்னதுரை கேட்டைத் திறந்துவிட்டு, கூண்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் வைத்துக்கொண்டதாகத்தான் சவரிமுத்து நினைத்தார்.

மேடம் வெளியே வந்தார். குனிந்து பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார்.

"அஞ்சா?"

"ஆமாங்க மேடம்! எல்லாம் நல்லா கொழு கொழுன்னு இருக்குதுங்க. கண்ணுகூட சரியாயிடுச்சு."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க இவ்வளவு பொறுப்பா பாத்துப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல சவரிமுத்து."

"அய்யோ மேடம், என் கடமைங்க."

மேடம் உள்ளே போய் ஒரு தாளும் பேனாவுமாகத் திரும்பி வந்தார். "வெள்ளிமலைக்கு யாரை அனுப்பறதுன்னு முடிவு பண்ணாம இருந்தேன். அங்க பொறுப்பான ஆளு வேணுமாம்." சவரிமுத்துவின் கண்ணெதிரிலேயே அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வர்ற திங்கட்கிழமை போய் சேந்துடுங்க."

கேட் வரைக்கும் எப்படி நடந்து வந்தார் என்று சவரிமுத்துவுக்கே தெரியாது. வயிறு இப்போதே மூன்றாவது வளைவில் இருந்தது.

"நல்லாத்தானே பாத்துக்கினேன் சின்னதுரை? நான் இன்னாப்பா தப்பு பண்ணேன்?"

சின்னதுரை வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"பொண்ணு கோச்சிக்காத மாதிரி இதுங்க தானா செத்துப் போவணும், யாராண்ட குடுத்தா நடக்கும்னு மேடம் கேட்டாங்க சார், எந்த வேலையக் குடுத்தாலும் கெடுத்து வெக்கறவரு நீங்கதான்னு நம்பி நான்தான் உங்க பேரைச் சொன்னேன்!"