மீன் வெப்சைட்டுக்கு நாடி பார்த்த சோலையப்பன்

காய்ச்சல் வந்தால் மாத்திரை தேடுகிறவர்கள் ஒரு ரகம்; தெர்மாமீட்டர் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தாரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பஸ் ஏன் நகரவில்லை என்று எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்போது, எத்தனை நிமிஷமாக நகரவில்லை என்று வாட்சைப் பார்ப்பவர் இவர்தான்.

இந்த ரகத்தில் கீரனூர் சோலையப்பனை மிஞ்ச ஆளில்லை. வெப்சைட் எந்த இடத்தில் தாமதமாகிறது என்று அளக்கும் கருவிகளைக் கம்ப்யூட்டரில் எழுதுவது அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலை போட்டதிலிருந்து சோறு வர எத்தனை நொடி, சோற்றிலிருந்து சாம்பார் வர எத்தனை நொடி என்று எண்ணி, "சாம்பார் வாளிதாங்க இங்க பிரச்சினை" என்பார். எழுந்து வாளியைத் தூக்குவாரா? மாட்டார். தூக்குவது வேறு டிபார்ட்மென்ட்.

இவரிடம்தான் கட்டுமாவடி மீன் வியாபாரி செவந்தி வந்து மாட்டினார். காலையில் படகு வந்ததும் மீனைப் படம் பிடித்துத் தன் வெப்சைட்டில் போடுவார். திருச்சிக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். எட்டு மணி வேனில் ஐஸ் பெட்டி ஏறிவிடும். அதற்குள் ஆர்டர் வராத மீன் கருவாட்டுக்குத்தான். கொஞ்ச நாளாக வெப்சைட் திறக்கவே ஆறு நொடி. வந்தவர்கள் பொறுக்க மாட்டாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

"படம் பெரிசா இருக்கோ என்னமோ, சின்னதாக்கிக் குடுங்க தம்பி" என்றார் செவந்தி.

சோலையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "குத்துமதிப்பா வைத்தியம் பாக்கக் கூடாதுங்கக்கா. மொதல்ல அளப்போம்."

மனுஷர் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து, யார் எங்கே தட்டினார்கள், எந்தப் படம் எப்போது வந்தது, எந்த விரல் எங்கே தயங்கியது என்று சகலத்தையும் குறித்துச் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போடும் ஒரு கருவியை எழுதி, வெப்சைட்டில் பொருத்தினார். ஆறு நொடி பதினோரு நொடி ஆனது. கருவி தன் கடமையில் தவறவில்லை. தாமதத்துக்கு முதல் காரணம் தான்தான் என்று சிவப்பில் காட்டியது.

வேறு ஆளாக இருந்தால் கழற்றி எறிந்திருப்பார். சோலையப்பனுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு நேர்மைனு பாருங்கக்கா! இத அளக்க இன்னொண்ணு எழுதிடுறேன்."

"அட நீங்க வேற! இங்க கொடுவா மீனு நாறுது தம்பி!"

"ரெண்டே நாளுங்க."

மூன்றாம் நாள் திரை முழுக்கப் பச்சை. ஒரு நொடித் தாமதம்கூட இல்லை. துள்ளிக்கொண்டு போன் போட்டார்.

"அங்கிட்டு யாரும் வாரதே இல்ல தம்பி" என்றார் செவந்தி. "படத்தச் சின்னதாக்கி வாட்ஸ்அப்புலயே போட்டுட்டேன். இன்னிக்கு ஏழரைக்கே பெட்டி ஏத்தியாச்சு. நல்லா இருங்க."

சோலையப்பனுக்கு மனசு வலித்தது. எவ்வளவு வலித்தது என்று சொல்லத்தான் கருவி இல்லை. எழுத உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களாக்கும்? இதைப் படிக்கும்போதே, இன்னும் எவ்வளவு பாக்கி என்று நடுவில் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?