கரண்டு இருக்கும் பட்டை எது?

பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவாட்டர்ஸ்
1927 ஆகஸ்டு 21, ஞாயிறு

கிள்ளான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்க்கும் என் தம்பி சிரஞ்சீவி சபாபதிக்கு, அக்காள் நல்லம்மாள் பத்துமலையானை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அத்தானும் சுகம். பக்கத்து வீட்டுச் சின்னையா அண்ணன் புதன்கிழமை காலமாகிவிட்டார். உன் சுகத்துக்கும் இராஜம்மா சுகத்துக்கும் குழந்தை லெட்சுமி சுகத்துக்கும் பதில் எழுத வேண்டியது.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு அக்காள் இட்டுக்கட்டினாள் என்று பேச்சு வரக்கூடாது. ஜூலை 24, ஞாயிறு, காலை பத்து மணி, எங்கள் முன்கூடம். இருந்தவர்கள்: நான், கம்பளி போர்த்திக்கொண்டு நாற்காலியில் உன் அத்தான், சின்னையா அண்ணன், அவர் சம்சாரம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அம்புரோஸ், வாசலில் இந்த வரிசை வீட்டுக் குடித்தனக்காரர்கள் பதினொரு பேர், கடைசியாக, சாட்சாத் மின்காந்த வைத்திய சிகாமணி புரொபசர் ரெங்கசாமி அவர்கள், சரிகை அங்கவஸ்திரத்துடன். ஆக மொத்தம் பதினேழு பேர். இன்றைக்கு அதில் பதினாறு பேர்தான் உயிரோடு இருக்கிறோம்.

அந்தப் புரொபசர் காய்ச்சல் தீருமென்று விற்கும் கரண்டுப் பட்டையைத்தான் நீயும் வாங்கி லெட்சுமி கையில் கட்டியிருக்கிறாய். முறைக்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கொய்னா மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன், மறுநாளே காய்ச்சல் இல்லை என்று முந்தாநாள் வந்த உன் கடுதாசியில் பெருமையாக எழுதியிருக்கிறாய். தம்பி, அதற்கும் மறுநாள் என்ன ஆயிற்று என்று ஏன் எழுதவில்லை? நான் பள்ளிக்கூடம் போகாதவள், மளிகை கட்டி வந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். ஆனால் என் நோட்டுப் புத்தகத்தில் பால் திரிந்த நாளும் இருக்கும், விளக்குத் திரி மாற்றிய நாளும் இருக்கும். உன் அத்தானுக்குக் காய்ச்சல் வந்த நாள் அத்தனையும் இருக்கிறது: ஜூலை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்பதாம் தேதி சாயங்காலம் புரொபசர் வந்து பட்டை கட்டினார். பத்தாம் தேதி காய்ச்சல் இல்லை. வரிசையே திரண்டு வந்து அவருக்கு மாலை போட்டது. பதினொன்றாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். ஓடிப்போய்க் கேட்டால், "நோய் வெளியேறுதும்மா, நல்ல அறிகுறி" என்றார். பன்னிரண்டில் இல்லை. "பாத்தீங்களா!" என்றார். பதின்மூன்றில் மறுபடி வந்தது. "மிச்சம் மீதி இருந்தது போகுது" என்றார். காய்ச்சல் வந்தாலும் அவருக்கு வெற்றி, வராவிட்டாலும் அவருக்கு வெற்றி. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதுதான் இந்த முறைக்காய்ச்சலின் வழக்கம் என்பது, பட்டை என்ற ஒன்றைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் நோட்டில் இருந்தது. பிறகு பதினைந்து முதல் இருபது வரை பட்டையைக் கழற்றி வைத்தேன். அப்போதும் அதே ஒற்றைப்படைத் தேதிகளில் அதே நடுக்கம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஒரு பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டுத் துணிக்குள் விரலகலத் தகடு, அவ்வளவுதான். பாசாரில் அதே துணி வாங்கி, பிஸ்கட்டு டின்னைக் கத்தரித்து நானே நாலு பட்டை தைத்தேன். அக்கம்பக்கத்தில் புரொபசருடைய பட்டை நாலு இரவல் வாங்கினேன். உள்மடிப்பில் அடையாளத் தையல் போட்டு எட்டையும் அம்புரோஸிடம் கொடுத்தேன். அவர் சமையற்கட்டுக்குள் போய்க் கலைத்துத் தாம்பாளத்தில் வைத்துக் கதவோரம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எது எது என்று எனக்கே தெரியக்கூடாது, தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் யோசனை. புரொபசரோ, பட்டையை உள்ளங்கையில் வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரிக் கரண்டு தெரியும் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறார். "அப்போ உங்க நாலையும் பிரிச்சு எடுங்கய்யா" என்றேன். ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக் கண்ணை மூடினார். நாலு எடுத்தார். தையலைப் பார்த்தோம். இரண்டு அவருடையது, இரண்டு என்னுடையது. அதிலும் ஒன்றைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "இதுல கரண்டு ரொம்ப ஜாஸ்தி, கூசுது" என்றாரே, அது பிஸ்கட்டு டின்.

இதோடு கடை கட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு வேர்க்கக்கூட இல்லை. "அடுப்புப் பக்கம் வெச்சா கரண்டு இடம் மாறும்மா. அதோட சந்தேகப்படுற பொம்பளை கை பட்டா ஒண்ணும் நிக்காது" என்றார். "சரிய்யா, என்ன நடந்தா இந்தப் பட்டை வேலை செய்யலைன்னு ஒத்துக்குவீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காதும்மா!" என்றார். வாசலில் இருந்த பதினொரு பேரும் கை தட்டினார்கள்.

அம்புரோஸுக்கு யாரும் கை தட்டவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "கொய்னாவை விடாம சாப்பிடுங்க. ஒரு வாரத்துக்கு அப்புறமும் காய்ச்சல் வந்தா நான் சொன்னது தப்பு. வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பூதக்கண்ணாடியில பாக்குறேன்." அவருடைய ஆஸ்பத்திரிப் புத்தகத்தையும் காட்டினார். அதில் மருந்து தின்று பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், தின்றும் செத்தவர்கள் பேரும் மறைக்காமல் இருக்கிறது. புரொபசர் நோட்டீஸில் முந்நூறு பேர் பிழைத்திருக்கிறார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. அதைப் பார்த்துத்தான் சனங்கள் நம்புகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதே காய்ச்சலுக்குக் கொய்னா தின்றுகொண்டிருந்த சின்னையா அண்ணன் அன்றைக்கே அதை நிறுத்தினார். காது இரைகிறது, நாக்கு கசக்கிறது என்று ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தவர். தாம்பாளத்தில் இருந்து கரண்டு ஜாஸ்தி என்ற அந்தப் பட்டையையே எடுத்துக் கட்டிக்கொண்டார். "அண்ணே, அது நான் தைச்ச பிஸ்கட்டு டின்னுண்ணே" என்றேன். "இருக்கட்டும் தங்கச்சி. புரொபசரே ஜாஸ்தின்னுட்டாரு. விளக்கேத்தாம தண்ணி குடிக்காத கை தைச்சது, ஒங்க பக்தியும் அதுல எறங்கியிருக்கும்" என்றார். தம்பி, நான் அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். பக்தி என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டு காப்பி கொண்டுவரப் போய்விட்டேன். அதை நோட்டில் எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

இருபத்துநாலு நாள். கடைசி மூன்று நாள் ஆளைத் தெரியவில்லை. குளிப்பாட்டும்போது அவர் கையில் என் தையல் இருந்தது. புரொபசர் துக்கம் விசாரிக்க வந்தார். வந்தவர் சும்மா போகாமல், "இந்தப் பட்டை மட்டும் இல்லேன்னா பத்து நாளைக்கு முந்தியே போயிருப்பாரு" என்றார். அண்ணன் சம்சாரம் அவரைக் கும்பிட்டாள்.

உன் அத்தான் ஜூலை 25 முதல் கொய்னா தின்றார். 27இல் கடைசிக் காய்ச்சல். இன்றுவரை வரவில்லை. அக்காளுக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டதா என்று நீ கேட்டிருந்தாய். பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன், எடுப்பேன். முருகன் ஒன்றும் புரொபசரைப் போல எட்டு நாளில் குணம் என்று நோட்டீஸ் அச்சடித்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவனிடமும் தேதி போட்டுக் கேட்பேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஆகையால் லெட்சுமிக்கு மருந்தை நிறுத்தாதே. கசப்புக்குத் துப்பினால் வாழைப்பழத்தில் வைத்து ஊட்டச் சொல். குழந்தை நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் மூவருக்கும் கந்தன் துணை.

இப்படிக்கு, உன் அக்காள்
நல்லம்மாள்

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அத்தானின் காலுறையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே கரண்டுப் பட்டை. மிரட்டிக் கேட்டதில், நான் கழற்றி வைத்த அந்த ஆறு நாளும் இன்னொன்று வாங்கிக் கணுக்காலில் கட்டியிருந்தாராம். கொய்னா தின்ற நாளெல்லாமும் கட்டியிருந்தாராம். "ஒன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லலை" என்கிறார். ஆகவே பட்டை இல்லாத நாளென்று மேலே நான் எழுதியது ஒன்றும் செல்லாது. அவர் பிழைத்தது எதனால் என்றும் இனி நான் சத்தியம் பண்ண முடியாது. அதை அடித்துவிட்டுப் படி. தாம்பாளத்தில் எட்டுப் பட்டையும், சின்னையா அண்ணனும், அம்புரோஸின் புத்தகமும்தான் மிச்சம். அது போதுமா என்று நீயே யோசி. பட்டை லெட்சுமி கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கொய்னாவைக் கொடு. ஒரு வாரத்துக்கு அப்புறமும் காய்ச்சல் வந்தால் அக்காள் சொன்னது தப்பு என்று எழுது, அம்புரோஸை அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வருகிறேன். காய்ச்சல் வந்த தேதி, வராத தேதி இரண்டையும் எழுது. எதையும் விடாதே. பதில் சீக்கிரம் போடு.