வேன் வாங்கலாமா என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், வண்டியும் பின்பக்கம் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் புதுத் தொழிலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே வந்திருக்கும் அத்தையைத்தான் தினமும் போனில் பார்க்கிறாரே, இவருக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். பார்க்கிறேன். ஆனால் என் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறாள். அங்கே மழையா, சாப்பிட்டாயிற்றா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஓட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் உங்கள் தொழிலுக்குச் சின்ன சரக்கு வேன் ஒன்று வாங்கலாமா என்பது முதலாவது. தையல் உதவிக்கென்று வந்த அத்தையின் பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டு, இந்த வருடம் முடியும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: தாராளமாக. அவள் உங்களுக்கு அத்தை, என் மகளுக்கு அம்மா, நடுவில் நான் யார்? ஆகவே முதல் கேள்விக்கு வருகிறேன்.

வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, தரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழையதே போதும். பெரிய லாரி நமக்கு எதற்கு? நான் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை மாற்றித் தருகிறவன். வாடகை வண்டியை நம்பியிருந்த காலத்தில், வண்டி வரும்போது மழையும் கூடவே வரும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரும் சோபாவைப் பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும். இந்தச் சின்ன வேன் வந்த பிறகு அந்தத் தலைவலி தீர்ந்தது. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றும் ஒற்றை நாற்காலி இரண்டும் தாராளமாக உள்ளே போகும். தரை தாழ்வாக இருப்பதால் ஏற்றி இறக்குகிறவனுக்கு முதுகு பிழைக்கும். சந்து பொந்தெல்லாம் நுழையும், எண்ணெயும் அளவாகத்தான் குடிக்கும். நம்மைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு அதுவே கை, அதுவே கால். ஒரே ஒரு குறை, பின்னால் பெட்டி முழுக்கத் தகரம், கண்ணாடி கிடையாது. முன்னால் போகும்போது ராஜா. பின்னால் எடுக்கும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும்.

அதற்குத்தான் உங்கள் அத்தை இருந்தாள். வண்டி நின்றதும் இறங்கிப் பின்னால் போய்விடுவாள். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வரலாம், இரண்டு தட்டினால் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆனால் அவள் தட்டோடு விடுகிற ஆளா? "வாங்க, வாங்க, வாங்க, இன்னும் வாங்க... நில்லுங்க! நில்லுங்கன்னு சொல்றேன்ல, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். பஞ்சு அடைத்துப் பிழைப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் திருப்பிக் கேட்பேன். இத்தனை காலத்தில் ஒரு சுவர் எங்கள் வண்டியைத் தொட்டதில்லை.

அவள் கிளம்பிய வாரமே ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு நாற்காலிகளைக் கொண்டுபோனேன், அது முட்டுச்சந்து, திரும்ப இடமில்லை, பக்கத்து மருந்துக்கடைக்காரரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன், அவர் மகா மரியாதைக்காரர், "சார், முடிஞ்சா கொஞ்சம் வரலாம், சிரமம் இல்லேன்னா இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டார், நான் இறங்கிப் போய்ப் பார்த்தால், "சொல்றதுக்கே சங்கடமா இருக்கு சார், செவுரு வந்து ரொம்ப நேரமாச்சு" என்கிறார். அடுத்த முறை மரியாதை இல்லாதவராகப் பார்த்துப் பிடிப்போம் என்று முடிதிருத்துபவரைக் கூப்பிட்டேன், அவர் சீப்பை நீட்டி "லெஃப்ட்ல ஒடிங்க" என்றார், பாதி சவரத்தில் எழுந்து வந்த அவருடைய வாடிக்கையாளர் "யாரோட லெஃப்ட்?" என்றார், இருவரும் அதை விவாதித்து முடிப்பதற்குள் நான் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் பாதி ஏறியிருந்தேன். அதற்கும் பிறகு ஓய்வுபெற்ற ட்ரில் மாஸ்டர் ஒருவர் தானாகவே முன்வந்து விசில் ஊதினார், தெருவில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன, நடந்து போனவர்கள்கூட நின்றார்கள், என் வண்டி மட்டும் நிற்கவில்லை. விசில் என்றால் வரலாமா நிற்கலாமா என்று எனக்கும் அவருக்கும் முன்னேற்பாடு எதுவும் இல்லையே!

பிறகு பின்னால் எடுப்பதையே விட்டுவிட்டேன். முன்னால் போயே திரும்பும் தெருக்களில் மட்டும் வியாபாரம். மற்றவர்கள் முனைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு அம்மாள் கேட்டேவிட்டார், "ஏங்க, சோபா எங்க வீட்டுக்கு வருமா, இல்ல நாங்கதான் குடும்பத்தோட சோபாகிட்ட வரணுமா?" தையலையும் வெளியே ஒரு சட்டைத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல மனிதர், ஆனால் பழக்கதோஷம். சோபாவின் கைப்பிடி உறைக்குப் பட்டன் வைத்துவிட்டார்.

இந்த வண்டியில் இரண்டே இருக்கை மாப்பிள்ளை. அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் ஓயாது. "அந்த வீட்டு வராந்தால பாருங்க, நாற்காலி பல்லைக் காட்டுது. எறங்கிப் போய்க் கேளுங்க" என்பாள். கேட்டால் வேலை கிடைக்கும். இப்போது அதே தெருக்களில்தான் போகிறேன், எந்த வீட்டில் என்ன கிழிந்திருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, அங்கே சாய்ந்திருக்கும் நுரைப்பஞ்சுக் கட்டைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் அவளுடைய தையல் மெஷினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுகிறேன். ஓடாத மெஷினுக்கு எதற்கு எண்ணெய் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கத்தான் ஆளில்லையே. ஏக்கமாக இருக்கிறது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

தொழில் ரீதியாக மட்டுமே யோசித்துப் பாருங்கள். நீங்களும் வேன் வாங்கப் போகிறீர்கள். பின்னால் நின்று சத்தம் போட உங்களுக்கு என் மகள் இருக்கிறாள். குரல் அப்படியே அம்மாவின் குரல், திட்டும் அப்படியே. குடும்பத்தில் வண்டி இரண்டு, குரலும் இரண்டு. இரண்டு குரலையும் நீங்களே வைத்துக்கொண்டால் இங்கே என் வண்டியின் கதி என்ன? மற்றபடி உங்கள் முடிவே என் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நீங்கள் வாங்கும் வண்டி வழியில் நிற்காமல் ஓடட்டும். உங்கள் திரைச்சீலை தொங்காத ஜன்னலே அந்த ஊரில் இல்லாமல் போகட்டும். என் மகளை வெயிட் தூக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்.

பின்குறிப்பு: மனசு கேட்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் போன மாதமே வண்டியின் பின்னால் கேமரா மாட்டிக் கொடுத்துவிட்டார். பூனை குறுக்கே போனால்கூடப் படம் தெரிகிறது, சுவர் நெருங்கினால் தானாகவே கத்துகிறது. எந்தச் சந்தில் விட்டாலும் வெண்ணெயில் கத்தி போலப் பின்னால் எடுத்துவிடுகிறேன். வண்டிக்கு இப்போது யாரும் தேவையில்லை மாப்பிள்ளை. எனக்குத்தான் தேவை. பயணச்சீட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அவளை அனுப்பிவிடுங்கள்.