நிலுவையே இல்லாத நீதிமான்

நீதி இன்னும் சாகவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கூட்டாட்சி நீதிபதியாக வீற்றிருந்த மாண்புமிகு ஹார்லன் வாஸ்பர்க் ஒருவரே போதும்.

அந்தப் பதவி ஆயுளுக்கும் நிலைத்தது. அதிபரே வந்தாலும் அசைக்க முடியாது. ஆனாலும் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒரு 'பட்டியல்' வெளிவரும். ஆறு மாதத்துக்கு மேல் எந்த நீதிபதியிடம் எத்தனை மனு தூங்குகிறது என்று அதில் பெயரோடு போட்டுவிடுவார்கள். வாஸ்பர்க்கின் பெயர் ஒருமுறைகூட அதில் வந்ததில்லை. கெடு நெருங்கியதும் பழைய மனுக்களை எல்லாம் ஒரே மூச்சில் 'மறுபடி தாக்கல் செய்யும் உரிமையோடு' தள்ளுபடி செய்துவிடுவார். மறுநாள் அவை புது மனுக்களாகத் திரும்பி வரும். ஆறு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இந்தத் திருப்பணியில் அவருக்கு வலக்கை, நீதிமன்ற எழுத்தர் லொரெய்ன். அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

டெல்பர்ட் ஹ்ருஸ்கா முப்பது வருடம் தானியக் கிடங்கில் தூசி தின்று நுரையீரலைத் தொலைத்தவர். ஊனமுற்றோர் உதவித்தொகையை அரசு மறுக்கவே வழக்குப் போட்டார். ஐந்தாம் முறையாக அவர் மனைவி வெர்னா காகிதக்கட்டோடு லொரெய்ன் முன் வந்து நின்றாள்.

"வாங்க வெர்னா. உங்க கேஸ்னா ஐயாவுக்குத் தனிப் பிரியம்."

"பிரியம் இருக்கட்டும். படிச்சாரா?"

"படிச்சா முடிவு சொல்லணுமே! சொன்னா உங்க உரிமை தீர்ந்துபோயிடும். இப்பப் பாருங்க, அஞ்சு தடவையும் பத்திரமா இருக்கு."

"அவருக்கு மூச்சே விட முடியல லொரெய்ன். ஜெயிக்கலேன்னாலும் பரவால்ல. தோத்துட்டேன்னு சொன்னாக்கூட மேல் கோர்ட்டுக்குப் போவோம்."

"ரெண்டாவது ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிட்டீங்களா? அதையும் சேத்து எழுதுங்க. மனு புதுசாத் தெரியும்."

அந்தச் செப்டம்பரில் வாஸ்பர்க்கின் எண்ணெய் ஓவியத்தை நீதிமன்றச் சுவரில் மாட்டினார்கள். கேக், காபி, பாராட்டுரை எல்லாம் உண்டு. "என் மேசையில ஒரு மனு தூங்கினதில்ல!" என்றார் அவர். கைதட்டல் அடங்கியபோது கறுப்பு உடையில் வெர்னா வாசலில் நின்றாள்.

"டெல்பர்ட் செவ்வாய்க்கிழமை போயிட்டாருங்கய்யா."

வாஸ்பர்க் உண்மையாகவே உருகிவிட்டார். "கலங்காதீங்கம்மா. அவருக்குப் பதிலா நீங்க தாக்கல் பண்ணலாம். உரிமை அப்படியே இருக்கு."

"வேணாங்கய்யா. மூச்சு முட்டினது அவருக்கு. கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்."

லொரெய்ன் இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் வேலையை நினைத்து வெட்கப்பட்டாள். வாபஸ் படிவத்தை எடுத்து நிரப்பினாள். 'வழக்கை முடித்து வைத்தவர்' என்ற கட்டத்தில் நீதிபதியின் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை. 'டெல்பர்ட் ஹ்ருஸ்கா' என்று எழுதி நீட்டினாள்.

மாண்புமிகு வாஸ்பர்க் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்திட்டார்.