ராணிக்கு நேர்ந்த மொட்டை

உலக நாகரிகம் எங்கே உச்சத்தைத் தொட்டது என்று ஆராய விரும்புகிறவர்கள் லண்டன், பாரிஸ் என்று அலைய வேண்டியதில்லை. சிவகாசிக்கு அடுத்த விஸ்வநத்தத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தால் போதும். ஒரு நாய்க்கு முடி கொட்டுகிறது என்பதற்காகக் கமிட்டி போட்ட முதல் ஸ்தாபனம், 1961-ஆம் வருஷத்திய நிலவரப்படி, நாங்கள்தான். அந்தக் கமிட்டியின் காரியதரிசியாக இருக்கும் பாக்கியம் கணக்குப்பிள்ளையாகிய எனக்குக் கிட்டியது.

ராணி, கொடைக்கானலிலிருந்து வந்த வெள்ளைச் சடைநாய். எங்கள் முதலாளி தனுஷ்கோடி அடுத்த வருஷக் காலண்டரில் அதன் படத்தைத்தான் போடுவதாக இருந்தார். பூச்சட்டி லேபிளிலும் அதே படம். கல்கத்தா ஏஜெண்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராணிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதலாளியின் ஜிப்பாவில் முடி, காப்பியில் முடி, என் பேனா முனையில் முடி. கவலையில் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கிய சோற்றிலும் முடி இருந்தது.

கமிட்டி கூடியது. உறுப்பினர்கள் முதலாளி, அவர் மைத்துனர் பெத்தணன், நான். பெத்தணன் தலையில் ஒரு முடி கிடையாது. 'அனுபவஸ்தர்' என்ற முறையில் அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

"முட்டை குடுத்துப் பாப்போம் மச்சான்" என்றார் பெத்தணன்.

"நீ தின்ன முட்டைக்கு எங்கனலே முளைச்சிருக்கு?" என்றார் முதலாளி.

முட்டை ஒருமனதாக நிறைவேறியது. பிறகு நல்லெண்ணெய், சீயக்காய், தந்தச் சீப்பு எல்லாம் நிறைவேறின. முடி மட்டும் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை.

விருதுநகரிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தோம். அவர் ராணியின் ரோமத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க படுக்கும்?" என்றார்.

மருந்து ஷெட்டில் என்றேன். பூச்சட்டிக்குள் வெடிமருந்து அடைக்கும் இடம் அது. மாவு மில் மாதிரி அலுமினியத் தூள் பறந்துகொண்டிருக்கும். அங்கே வேலை பார்க்கும் வள்ளித்தாயின் மடிதான் ராணிக்குப் படுக்கை.

"அந்தத் தூள்தான் காரணம். இனி உள்ள விடாதீங்க. ஒரு உயிர் இருக்கிற இடமாய்யா அது?" என்றார் டாக்டர்.

ராணியைப் பிடித்துக்கொண்டு நின்ற வள்ளித்தாய் மெல்ல வாயைத் திறந்தாள். "எனக்குந்தான் கொட்டுது டாக்டரய்யா. அம்புட்டுத் தண்டி இருந்த சடை எலிவாலாப் போச்சு. தை மாசம் ஆனைக்குட்டத்துல இருந்து பொண்ணு பாக்க வாராக. என்னையும் லேபிள் ஒட்டுற பக்கம் மாத்தச் சொல்லுங்க."

டாக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். இந்தக் கமிட்டியின் அதிகாரம் நான்கு கால் உள்ளவர்களுக்கு மட்டுமே என்பதை நான் பணிவுடன் தெளிவுபடுத்தினேன்.

ராணியின் படுக்கை ஆபீஸுக்கு, மின்விசிறிக்கு அடியில், மாறியது. ஆடி பிறப்பதற்குள் முடி கொட்டுவது நின்றுவிட்டது. டாக்டரின் கெட்டிக்காரத்தனத்தை நான் மெச்சியபோது முதலாளி தலையாட்டி மறுத்தார்.

"டாக்டரா? எல்லாம் இருக்கன்குடி மாரியாத்தா செயல். வேண்டியிருந்தேன்லா."

"என்ன வேண்டுனீக முதலாளி?"

"புள்ளைகளுக்குக் காய்ச்சல்னா வேண்டுவோம்லா, அதே மாதிரிதான். முடி கொட்டுறது நின்னா ராணிக்கு மொட்டை போடுறேன்னுட்டேன்."

கமிட்டி மறுபடியும் கூடியது. பாடுபட்டுக் காப்பாற்றிய முடியை மொத்தமாக வழித்துவிடுவதாக நேர்ந்துகொண்ட மகான் உலகில் வேறு யாரும் இருக்க முடியாது. மொட்டை நாயைக் காலண்டரில் போட்டால் கல்கத்தாக்காரன் என்ன சொல்வான்? அதற்காக நேர்ச்சையைத் தள்ளிவைக்கவும் முடியாது. நெருப்பை வைத்துப் பிழைக்கிறவர்கள் மாரியம்மனிடம் பாக்கி வைப்பதில்லை. ஆகவே ராணியின் சார்பில் வேறொரு தலையைக் காணிக்கை செலுத்துவது என்று முடிவாயிற்று.

முதலாளிக்குச் சங்கத் தேர்தல். நோட்டீஸுக்குப் போட்டோ எடுக்க வேண்டும். என் மனைவி மாசமாக இருந்தாள். அப்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது. சாஸ்திரத்தின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பக்தி அதற்கு முன் வந்ததில்லை. பெத்தணன் மட்டும், "நான் தயார்" என்று பெருந்தன்மையாகத் தலையைத் தடவிக் காட்டினார்.

"ராணியை மடியில போட்டு வளத்த புள்ளைதான் முறை" என்றார் முதலாளி.

வள்ளித்தாயைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் சடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது.

"சரி முதலாளி. தைக்குள்ள கொஞ்சமாச்சும் வளந்துரும். ஆனா அந்த ஷெட்டுல இருந்து என்னைய எடுத்துருங்க. அங்கன இருந்தா வளராது."

"அதுக்கென்ன, மாத்திருவோம் புள்ள" என்றார் முதலாளி.

ஆடி கடைசி வெள்ளி. கார் முன்சீட்டில் ராணியும், பஸ்ஸில் வள்ளித்தாயும் இருக்கன்குடி போய்ச் சேர்ந்தார்கள். கத்தி அவள் தலையில் இறங்கியபோது முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதைப் பக்தி என்றே வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில், சந்தனம் பூசிய தலையோடு வள்ளித்தாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "லேபிள் பக்கம் போகட்டுமா முதலாளி?"

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. மருந்து அடைக்க ஆள் பற்றாது. அவசரமாகக் கமிட்டி கூடியது. முதலாளி அவள் தலையைக் கூர்ந்து கவனித்துவிட்டுக் கேட்டார்:

"உன் பிராது என்ன? முடி கொட்டுதுங்கிறதுதானே? இப்பக் கொட்டுறதுக்கு என்ன இருக்கு?"

"வளரணுமே முதலாளி..."

"வளந்து கொட்டட்டும், பாப்போம். ஷெட்டுக்குப் போ."

அப்பழுக்கில்லாத நியாயம். வள்ளித்தாய் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மருந்து ஷெட்டைப் பார்த்து நடந்தாள். ராணி மின்விசிறிக்கு அடியிலிருந்து பாய்ந்து அவள் பின்னால் ஓடப் பார்த்தது. முதலாளி சங்கிலியைச் சுண்டி இழுத்ததும் திரும்பி, அவர் முகத்துக்கு நேரே குரைத்தது.

அன்றைய கூட்டத்தில் எழுந்த ஒரே ஆட்சேபம் அதுதான். ராணி உறுப்பினர் அல்லாததால் அது செல்லாது என்று நான் அறிவித்தேன். உறுப்பினர்களாகிய பெத்தணனும் நானும் முதலாளியைப் பார்த்து வாலை ஆட்டினோம்.