மதகோரம் விட்டுவைத்த பூ

"முடிந்தது" என்று சொல்வதில் எனக்கிருந்த அவசரம், வேலையை முடிப்பதில் என்றைக்கும் இருந்ததில்லை. பரீட்சையில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அந்தப் புத்தியை ஓர் ஏரியில்தான் தொலைத்தேன்.

செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர் ஏரியில் ஆகாயத்தாமரையை ஒழிக்க அரசு வேலை வந்தது. எனக்கு இருபத்துநான்கு வயது, மேற்பார்வையாளர். (அதாவது, கரையில் குடை பிடித்து நின்று போட்டோ எடுப்பவள்.) தண்ணீரே தெரியாமல் மூடிக்கிடந்த செடியைச் செல்வியக்காவும் ஊர்ப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, நாள்கணக்கில் பிடுங்கிக் கரையேற்றினார்கள். அடுத்த நடவுக்குத் தண்ணீர் பாய வேண்டுமே.

கடைசியில் மதகோரம் ஒரு கொத்துதான் மிச்சம். அது நிறைய ஊதாப் பூ. மறுநாள் மாவட்டத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார். அதிகாரி வந்தால் வெறுங்கையோடு நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. செஞ்சியில் வாங்கும் பூங்கொத்து ஏரிக்கு வந்து சேர்வதற்குள் வதங்கிவிடும். என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாளில்தான் வம்பு.) இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

"இன்னா பாப்பா நீ? ஒரு வேர் இருந்தா போதும், மழைக்கு ஏரியையே முழுங்கிடும்" என்றார் செல்வியக்கா.

அதிகாரி போனதும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அவர் வாயை அடைத்துவிட்டு, "ஏரியில் ஒரு செடிகூட இல்லை" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதிகாரி அம்மா வந்தார். அவர் ஒரு கையில் அறிக்கை, மறு கையில் வாழைநாரில் நான் கட்டிய பூங்கொத்து. அறிக்கையைப் படித்தார். பூவைப் பார்த்தார். மறுபடியும் அறிக்கையைப் படித்தார்.

"இதை எங்கம்மா வாங்கினீங்க?"

பூக்கடையில் என்று சொல்லியிருக்கலாம். "வாங்கல மேடம். நம்ம ஏரிலதான், காலைல ஃப்ரெஷ்ஷா பறிச்சேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லையென்றால் ஏரி சுத்தமாகவில்லை என்று அர்த்தம். அத்தனை பேர் பட்ட பாடும் என் பூவால் வீண். செல்வியக்கா என்னைத் திட்டவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மதகோரம் இறங்கினார். புதுச் சேலையோடு நானும் இறங்கினேன். (இறங்கினேன் என்பது மரியாதைக்கு. வழுக்கி விழுந்தேன்.) துண்டு வேர்கூட விடாமல் சேற்றைத் துழாவி எடுத்தோம். அதிகாரி அதுவரை வெயிலிலேயே நின்றார். பிறகு பூங்கொத்தை என்னிடம் நீட்டினார்.

"இதையும் குவியல்ல சேத்துடுங்க. இப்பதான் நீங்க எழுதினது உண்மை."

கையெழுத்துப் போட்டார்.

பெருமையாகவே சொல்கிறேன்: எத்தனையோ மழை வந்து போயிற்று, எங்கள் ஏரியை அந்தச் செடி மறுபடி மூடவில்லை. வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி வருகிறேன். துளிர் தெரிந்தால் ஆள் தேடுவதில்லை.

என் கல்யாணத்தில் யாரோ மேடையேறிப் பூங்கொத்தை நீட்டினார்கள். நான் கை நீட்டுவதற்குள் முன்வரிசையிலிருந்து செல்வியக்கா சொன்னார்: "பாப்பா, வேர் இருக்குதானு பாத்து வாங்கு."

எங்கள் ஊர் மொத்தமும் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். பந்தியில் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் நான் ஆகாயத்தாமரை மருமகள்தான். அந்தப் பட்டத்தை நான் மறுத்ததே இல்லை.