அதிர்வானந்தரின் சுருள்கம்பி

அதிர்வானந்தரிடம் டோக்கன் வாங்க நின்ற வரிசை தெருமுனையில் திரும்பி அடுத்த தெருவுக்குள் போயிற்று. செத்தவர்களைப் பேச வைப்பவர் அவர். உயிரோடிருந்த மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட, செத்த மாமியாரை நலம் விசாரிக்கக் கால் கடுக்க நின்றார்கள்.

வித்தை இதுதான். வீட்டு ஸ்டீரியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பழைய ரிவர்ப் பெட்டியைச் செருகுவார். மேடைப் பாடகர்கள் குரலுக்கு எதிரொலி சேர்த்துக்கொள்ள ஒரு காலத்தில் வைத்திருந்த சாதனம். இறந்தவர் குரல் பதிந்த கேசட்டைப் போட்டால், சொல் முடிந்த பிறகும் ஓசை இழுத்துக்கொண்டே போகும்.

"இந்த இழுவை இருக்கே, அதுதான் ஆவி. புதுப் பெட்டியில வராது. உயிரோட இருக்கிறவன் குரலுக்கும் வராது" என்பார். வராமல் பார்த்துக்கொள்ள அவர் விரலுக்கு அடியில் ஒரு திருகு இருந்தது.

அதே தெருவில் இருந்த முடிதிருத்தும் கடைக்காரருக்கு இதில் தலையிடும் எண்ணமே இல்லை. கோணலாக வெட்டிவிட்டு 'இப்ப இதுதான் ஃபேஷன்' என்று சாதிக்கிறவர், அடுத்தவர் புரட்டைப் பற்றி எந்த வாயால் பேசுவார்? ஆனால் அக்கா வந்து சொன்ன சேதியில் அவர் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"உன் அத்தான் அங்க தவிக்கிறாராம்டா. கேசட்டை அழிச்சாத்தான் விடுதலையாம். வெள்ளிக்கிழமை சாமி வரச் சொல்லியிருக்கார்." விடுதலைக்குத் தனிக் கட்டணம்.

அத்தானின் குரல் உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரே கேசட்டில்தான். அதிலும் அவர் காவியம் எதுவும் பாடவில்லை. குடையை எங்கே தொலைத்தாய் என்று அக்காவைத் திட்டுகிறார். அக்கா அதைத் தினமும் கேட்பாள்.

புதன்கிழமை அதிர்வானந்தர் சவரத்துக்கு வந்தார். கடையின் டேப் ரெக்கார்டர் அன்று பாடவில்லை. பதிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, அக்காவின் முறை வருமுன் கடைக்காரர் தன் கேசட்டை நீட்டினார். "நம்ம கடை வாடிக்கைக்காரர் ஒருத்தர் குரல், சாமி. எப்படி இருக்கார்னு பாத்துச் சொல்லுங்க."

பெட்டி முனகியது. "எரியுதே… மெதுவா… எரியுதே…"

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. அதிர்வானந்தர் கண்களை மூடினார். "பாவப்பட்ட ஆத்மா. செத்து மூணு வருஷம் ஆச்சு. நெருப்புல வேகுது. உடனே அழிக்கணும்."

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். பெட்டி தொடர்ந்தது. "லோஷனைக் கம்மியா போடுப்பா… மீசைக்கும் சேத்துக் கறுப்பு அடி… வெள்ளை தெரிஞ்சா எவன் மதிப்பான்…"

குரலை இழுவையில் மூழ்கடிக்க அதிர்வானந்தர் திருகைத் தேடினார். அதன்மேல் கடைக்காரரின் கை இருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி செத்தவர் புதன்கிழமை எங்கிட்ட சவரம் பண்ணிக்கிட்டாரே, சாமி."

பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இரண்டு நீளச் சுருள்கம்பிகள். "குரல் இதுல ஆடி ஆடிப் போயிட்டு வருது. மேலுலகம்னு இவர் காட்டினது இவ்வளவுதான்."

கூட்டம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் அதிர்வானந்தர் பின்வாசலைப் பார்த்து நழுவிவிட்டார்.

அக்கா தன் கேசட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். "அப்ப அவர் தவிக்கலையாடா?"

"இல்லக்கா. அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அவளுக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் ஒருவர் அவர் தோளைத் தட்டினார். "அடுத்த தெருவுல ஒருத்தர் மின்விசிறியில ஆவியை வரவழைக்கிறாராம். அவராவது நிஜமா இருப்பாரா?"

கடைக்காரர் அவர் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தலைக்கு வெளிய வளர்றதை நான் வெட்டித் தர்றேன்யா. உள்ள இருக்கிறதை நீங்கதான் எடுத்துப் பயன்படுத்தணும்."